சூது, பந்தயம், சீட்டு: சூதாட்டச் சட்டங்களின் வரலாறும் கோலார் தங்கவயலின் மொழிச்சூழலும்

1. முன்னுரை

கோலார் தங்கவயல் என்னும் ஊர்ப்பெயரே ஒரு மொழிபெயர்ப்பாகும். ஆங்கிலத்தில் 'கோல்டு ஃபீல்ட்ஸ்' என வழங்கும் தொடரில் 'ஃபீல்டு' என்பது கனிமம் கிடைக்கும் நிலப்பரப்பைக் குறிக்கும். உழுது விதைக்கும் நிலத்தைக் குறிப்பதன்று. தமிழர் அதனை வயல் என்றே பெயர்த்துக்கொண்டனர். சொல்லளவில் பொருந்தாத இப்பெயர்ப்பால் எவருக்கும் இடர் விளைந்ததில்லை. பெயர் சுட்டும் இடம் கண்முன்னே இருந்தமையால் சொல்லின் நேர்ப்பொருளைத் தேடவேண்டிய தேவை எழவில்லை.

சட்டச் சொற்களின் நிலை இதனின் வேறானது. அவை சுட்டும் பொருள் கண்முன் இருப்பதில்லை. சட்டமன்றம் வரையறுத்து, நீதிமன்றம் விளக்கிய பின்னரே அப்பொருள் உறுதிப்படுகிறது. எனவே ஒரு சொல்லின் பெயர்ப்புப் பிழைபடின், ஒருவர் செய்த செயல் குற்றமாகவோ குற்றமற்றதாகவோ மாறித் தோன்றக்கூடும். சூதாட்டச் சட்டங்கள் இதற்குத் தக்க சான்றாகும். இந்தியாவில் இச்சட்டங்கள் குற்றமான ஆட்டங்களைப் பட்டியலிட்டதைக் காட்டிலும் ஒரு வரையறைச் சொல்லைக் கொண்டே எல்லை வகுத்து வந்துள்ளன. 'திறமை' எனத் தமிழில் பெயர்க்கப்படும் அச்சொல் 1867 முதல் 2025 வரை அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை வரலாற்று முறையில் நோக்குகிறது. தமிழ் வாழ்வும் கன்னட ஆட்சியும் ஆங்கிலச் சட்டமும் ஒருங்கே அமைந்த தங்கவயல் போன்ற சூழலில் அம்மாற்றங்கள் எழுப்பும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களையும் சுட்டுகிறது.

2. தங்கவயலின் மொழிச்சூழல்

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் தங்கவயல் அமைந்துள்ளது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியை ஏற்ற பின்னர், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையினராக வந்து குடியேறினர். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகிய குடியிருப்புகளில் தமிழே பெருவழக்காயிற்று. நிலமோ மைசூர் மன்னராட்சிக்கு உட்பட்டது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை நடுவணரசின் பொறுப்பிற்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் கன்னடத்தை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கியது. இதன் விளைவாக இவ்வூரில் ஒரு செயல் மூன்று மொழிகளில் பெயர் பெறுகிறது. அதனைச் செய்பவர் தமிழில் பெயரிடுகிறார். காவல்நிலைய ஆவணம் கன்னடத்தில் பெயரிடுகிறது. அடிப்படைச் சட்டத்தையும் உயர்நீதிமன்றத் தீர்ப்பையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியுள்ளது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு விளங்காத மொழியில் சாட்சியம் கூறப்படுமாயின், அதனை அவருக்கு விளங்கும் மொழியில் நீதிமன்றத்திலேயே பெயர்த்துக் கூற வேண்டும் என்பது 1973ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு. அச்சட்டத்திற்கு மாற்றாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் இவ்வேற்பாடு தொடர்கிறது. ஆதலின் மொழிபெயர்ப்பு இங்கு நீதி வழங்கலின் உறுப்பாகவே அமைகிறது.

3. பழைய மரபு: தடையும் ஒழுங்கும்

சூதாட்டத்தை அறவே தடுப்பதா, அரசின் கண்காணிப்பில் நடக்கவிடுவதா என்னும் வினா மிகப் பழையது. மனுநூல் உயிரற்ற பொருள்களைக் கொண்டு ஆடுவதற்கும் உயிருள்ளவற்றை மோதவிட்டுப் பணயம் வைப்பதற்கும் தனித்தனிப் பெயரிட்டு, இரண்டையும் தடுக்க வேண்டும் என்கிறது. கௌடலியரின் அருத்தசாத்திரமோ சூதினைக் கண்காணிக்கத் தனி அலுவலரை அமர்த்தி, ஆட்டத்தை ஓரிடத்தில் ஒருமுகப்படுத்தி, வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்து பெறுமாறு விதிக்கிறது. பின்னாளைய சட்டங்கள் யாவும் இவ்விரு நெறிகளுக்கு இடையிலேயே இயங்குகின்றன.

தமிழில் திருக்குறள் 94ஆம் அதிகாரம் சூதினை அறக்கேடாகவும் வாழ்வழிவாகவும் காண்கிறது. அவ்வதிகாரத்தில் சூதாடும் இடத்தைக் குறிக்கும் சொல் 'கழகம்' என்பது சொற்பொருள் வரலாற்றில் கருதத்தக்கது. இன்று பல்கலைக்கழகத்திலும் கட்சிப் பெயர்களிலும் வழங்கும் அச்சொல்லிற்குப் பழைய பொருள் முற்றிலும் மறைந்துவிட்டது. இதற்கு எதிர்த்திசையில், பழங்காலத்தில் ஊரவையைச் சுட்டிய 'மன்றம்', ஒருபுறம் நீதிமன்றத்திலும் மறுபுறம் சீட்டாட்டம் நிகழும் மனமகிழ் மன்றத்திலும் இடம்பெறுகிறது. ஆடும் இடத்தின் பெயர் நிலையானதன்று என்பதற்கு இவை சான்றாகும்.

'சூது' என்னும் சொல் 'த்யூத' என்னும் வடசொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படும். கன்னடத்தின் 'ஜூஜு', தெலுங்கின் 'ஜூதமு' ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. தமிழில் இச்சொல் வஞ்சகம் என்னும் பொருளையும் ஏற்றுள்ளது. சூதுவாது அறியாதவர் என்னும் வழக்கில் ஆட்டத்திற்கே இடமில்லை. ஆங்கிலச் சட்டம் ஆளும் 'கேமிங்' என்பதோ ஆட்டம் என்னும் பொதுச் சொல்லின் வழிப் பிறந்தது. அதனைச் சூதாட்டம் எனப் பெயர்க்கும்போதே, மூலத்தில் இல்லாத பழிப்புப் பொருள் ஒன்று தமிழில் சேர்ந்துவிடுகிறது. விளையாட்டு எனப் பெயர்த்தாலோ குற்றப்பொருள் முழுவதும் நீங்கிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் இதுவாகும்.

4. காலனியச் சட்டங்கள் வகுத்த எல்லை

1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் வடமேற்கு மாகாணங்கள், பஞ்சாப், அவத், மத்திய மாகாணங்கள், பிரிட்டிஷ் பர்மா ஆகியவற்றிற்கென இயற்றப்பட்டது. மைசூர் அதன் எல்லைக்குள் வரவில்லை. எனினும் பின்னர்த் தோன்றிய பல சட்டங்களுக்கு அதன் சொல்லமைப்பே முன்மாதிரியாயிற்று. சென்னை மாகாணத்தின் 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் அவ்வழியில் அமைந்ததே.

இச்சட்டங்கள் மூன்று அளவைகளைக் கொண்டு குற்றத்தை நிறுவின. முதலாவது இடம். பொதுத்தெருவில் பணத்திற்கு ஆடுவது தனிக்குற்றம். இரண்டாவது இடத்தை நடத்துபவரின் ஊதியம். தமக்கு ஆதாயம் வரும்படி ஆட்டக்கருவிகளை வைத்து ஒருவர் இடம் நடத்துவாராயின் அது பொதுச் சூதாட்ட விடுதியாகும். அத்தகைய ஆதாயமின்றி நண்பர்கள் வீட்டிற் கூடி ஆடுவது அவ்வரையறைக்குள் வாராது. மூன்றாவது ஆட்டத்தின் இயல்பு. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு திறமை ஆட்டங்களுக்கு விலக்களித்தது.

சான்று பற்றிய விதி ஒன்றும் கருதத்தக்கது. ஆணையுடன் காவல்துறையினர் நுழைந்த வீட்டில் சீட்டுகளோ பகடைகளோ காணப்படின், மறுப்பு மெய்ப்பிக்கப்படும் வரை அவ்விடம் சூதாட்ட விடுதி என்றும், அங்கிருந்தோர் ஆடுவதற்கென வந்தவர் என்றும் கொள்ளப்படும். ஆட்டத்தை எவரும் நேரிற் காணவேண்டியதில்லை. மெய்ப்பிக்கும் சுமை இவ்வாறு குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது விழும்போது, அவர் தம் செயலை எச்சொல்லால் விளக்குகிறார் என்பதும் அச்சொல் எவ்வாறு பெயர்க்கப்படுகிறது என்பதும் வழக்கின் போக்கையே மாற்றவல்லன.

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வேறொரு வேறுபாட்டைப் புகுத்தியது. அதன் 30ஆம் பிரிவின்படி பந்தய உடன்பாடு செல்லாது. பந்தயத்தில் வென்ற பணத்தை வழக்கிட்டுப் பெற இயலாது. செல்லாதது என்பதும் சட்டத்திற்கு மாறானது என்பதும் ஒன்றல்ல என்று உச்சநீதிமன்றம் 1959இல் கேருலால் பாரக் வழக்கில் தெளிவுறுத்தியது. 'செல்லாத பந்தயம்' என்பதைச் 'சட்டவிரோதப் பந்தயம்' எனப் பெயர்ப்போர், உரிமையியல் சார்ந்த ஒன்றைக் குற்றவியலுக்குள் தள்ளிவிடுகின்றனர்.

5. சொற்புதிர் சூதாயிற்றா?

குடியரசின் அரசமைப்பு பந்தயத்தையும் சூதாட்டத்தையும் ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 34ஆம் பதிவாக வைத்தது. அரசுகள் நடத்தும் லாட்டரி மட்டும் ஒன்றியப் பட்டியலின் 40ஆம் பதிவாயிற்று. இப்பகிர்வு நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, சூதாட்டச் சட்டத்தின் அடிப்படையை வகுத்த வழக்கு மைசூர் மாநிலத்திலிருந்து தோன்றியது. மொழியறிஞர்க்கு அது சிறப்பாக உரியது; ஏனெனில் அதன் பொருள் ஒரு குறுக்கெழுத்துப் போட்டி.

பெங்களூரில் அச்சிடப்பெற்ற 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்னும் வார இதழ்வழி ஆர்.எம்.டி.சி. நிறுவனத்தார் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தினர். இதழ் பம்பாய் மாநிலத்திலும் பரவலாக விற்பனையாயிற்று. பம்பாய் அரசு தன் சட்டத்தின்படி வரி கோரியபோது வழக்கு எழுந்தது. இத்தகைய போட்டிகள் தமிழ் வாசகர்க்கும் புதியவை அல்ல. 1930களில் ஆனந்த விகடன் உள்ளிட்ட இதழ்கள் அவற்றை நடத்தியுள்ளன.

குறுக்கெழுத்திற்கு மொழியறிவு வேண்டும் என்பது வெளிப்படை. அவ்வாறாயின் அது எவ்வாறு சூதாகும்? 1957 ஏப்ரல் 9ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் உச்சநீதிமன்றம் போட்டியின் அமைப்பை நுணுகி ஆராய்ந்தது. ஒரு கட்டத்திற்குப் பொருந்தக்கூடிய மாற்றுச் சொற்கள் தரப்பட்டன. நிறுவனத்தார் முன்னரே முடிவு செய்து முத்திரையிட்டு வைத்த விடையோடு ஒத்திருப்பதே வெற்றி. பொருந்தும் சொற்கள் இரண்டாயின், அவற்றுள் எது நிறுவனத்தாரின் உள்ளத்தில் இருந்தது என்பதை மொழியறிவால் அறிய இயலாது. எனவே அது தற்செயலைச் சார்ந்ததே என நீதிமன்றம் கண்டது. இதே தீர்ப்பில் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் இருக்குவேதம், மகாபாரதம், மனு, கௌடலியர் எனப் பழைய மரபுகளை நினைவுகூர்ந்து, சூதாட்டம் அரசமைப்பு காக்கும் வணிக உரிமைக்குள் அடங்காது என்று முடிவு செய்தார்.

அதே நாளில் வழங்கப்பெற்ற மற்றொரு தீர்ப்பு 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டத்தைப் பற்றியது. எழுத்துகளையும் சொற்களையும் எண்களையும் அமைத்தல், அடுக்குதல், மாற்றியமைத்தல் ஆகியவற்றைச் சார்ந்த புதிர்களுக்குப் பரிசளிப்பதை அச்சட்டம் வரையறுத்தது. மாதமொன்றுக்குப் பரிசுத்தொகை 1,000 ரூபாய்க்கு மேற்படுவதைத் தடுத்தது. போட்டி நுழைவுகளை 2,000 என்னும் அளவிற்குள் நிறுத்தியது. சூதின் இயல்புடைய போட்டிகளுக்கே இச்சட்டம் பொருந்தும் என்றும், வெற்றி கணிசமான அளவிற்குத் திறமையைச் சார்ந்திருப்பின் அப்போட்டி சூதாகாது என்றும் நீதிமன்றம் உரைத்தது. மொழியால் ஆடும் ஆட்டமும் சூதாகலாம்; ஒருவரது அறிவு முடிவைத் தீர்மானிக்கும் அளவே எல்லைக்கோடு என்னும் கொள்கை இவ்வாறு நிலைபெற்றது.

6. 'மியர்' என்னும் அடைமொழி

1867ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்த ஆட்டங்களை 'மியர் ஸ்கில்' சார்ந்தவை என்று கூறுகிறது. 'மியர்' என்பதற்கு இன்றைய ஆங்கிலப் பொருள் 'வெறும், அவ்வளவே' என்பதாகும். ஆயின் இச்சொல் கலப்பற்றது எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லின் வழி வந்தது. பழைய சட்ட நடையில் அப்பொருளே வழங்கியது. சட்டம் சுட்டியது அற்பத் திறமையை அன்று. பிறிதொன்று கலவாத திறமையை.

தமிழின் 'வெறும்' என்னும் சொல்லிலும் இவ்விரு பொருளும் காணப்படுவது வியப்பிற்குரியது. வெறும் சோறு என்பது குழம்போ கறியோ கலவாத சோறு. வெறும் பேச்சு என்பதோ பயனற்ற பேச்சு. எனினும் திறமை என்னும் பண்புப்பெயருக்கு முன் இச்சொல் வருமாயின் தமிழர் செவியில் இரண்டாம் பொருளே தோன்றும். 'வெறும் திறமை ஆட்டம்' எனப் பெயர்த்தால் விலக்கு இழிவுரையாகிவிடுகிறது.

கலப்பற்ற என்னும் நேர்ப்பொருளும் நீதிமன்றங்களின் முடிவிற்கு ஒத்துவருவதில்லை. சீட்டைக் கலைத்துப் பகிரும் ஆட்டம் எதிலும் தற்செயல் ஒரு கூறாக உண்டு. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் 1967 நவம்பரில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், ரம்மி ஆட்டத்தில் விழுந்த சீட்டுகளை நினைவிற் கொள்ளுதலும், எதனை வைத்து எதனைக் கழிப்பது எனத் தேர்தலும் முதன்மையாதலின் அது பெரும்பான்மையும் திறமை சார்ந்ததே என்றது. மூன்று சீட்டு ஆட்டத்தை அவ்வாறு கருதவில்லை. எனினும் ரம்மி ஆட்டத்திலிருந்து இடத்தை நடத்துவோர் ஆதாயம் பெறின் குற்றம் நிகழலாம் என்பதையும் அத்தீர்ப்பு விடுத்து வைத்தது. 1996 ஜனவரி 12இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என முடிவு செய்தபோது, 'மியர் ஸ்கில்' என்பது மேலோங்கிய திறமையையே குறிக்கும் என்று நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

ஆகவே இத்தொடருக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பும், சொற்பிறப்பு வழியிலான பெயர்ப்பும் பயன்படா. 'முதன்மையாகத் திறமை சார்ந்த ஆட்டம்' என்று தீர்ப்புகள் நிறுவிய பொருளையே தமிழில் தருதல் வேண்டும். எதிர்ச்சொல்லாகிய 'சான்ஸ்' என்பதற்கும் இக்கருத்து பொருந்தும். வாய்ப்பு என்பது நேர்கின்ற நற்சூழலையும் குறிக்கும். அதிர்ஷ்டம் என்பது காணப்படாதது என்னும் மூலப்பொருளுடன் ஊழ்க்கொள்கையையும் உடன்கொணரும். ஆடுபவரின் ஆளுகைக்கு அப்பாற்பட்ட முடிவு என்பதே சட்டத்தின் கருத்தாதலின் 'தற்செயல்' என்பது ஏற்புடையது.

7. கர்நாடகக் காவல் சட்டம்

1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் பழைய மைசூருடன் பம்பாய், ஐதராபாத், சென்னை ஆகிய மாநிலங்களின் கன்னடப் பகுதிகளும் குடகும் இணைந்தன. வெவ்வேறு சட்டங்களின்கீழ் இருந்த இப்பகுதிகள் 1963ஆம் ஆண்டின் காவல் சட்டத்தால் ஒரே நெறிக்குள் வந்தன. இன்று கர்நாடகக் காவல் சட்டம் எனப்படும் இதுவே தங்கவயலுக்கும் உரியது. தமிழ்நாட்டைப் போலத் தனிச் சூதாட்டச் சட்டமாக அமையாமல், காவல்துறைச் சட்டத்தின் பகுதியாகவே சூதாட்ட விதிகள் இங்கு அமைந்துள்ளன. 79, 80ஆம் பிரிவுகள் விடுதி நடத்துவதையும் அங்கு ஆடுவதையும், 87ஆம் பிரிவு பொது இடத்தில் ஆடுவதையும் பற்றியன.

இச்சட்டத்தின் 176ஆம் பிரிவு விலக்கினைக் கூறுமிடத்து 'மியர்' என்னும் பழஞ்சொல்லைக் கைவிட்டு, 'பியூர்' என்னும் சொல்லை ஆள்கிறது. கலப்பற்ற என்னும் பொருள் இங்கு ஐயமின்றி வெளிப்படுகிறது. எனினும் தீர்ப்புகளின் ஒளியில் இதனையும் மேலோங்கிய திறமை என்றே கொள்ள வேண்டியதாயிற்று. அதே பிரிவு, அத்தகைய ஆட்டத்தில் பங்கேற்போர் தமக்குள் பணயம் வைப்பதையும் விலக்கிற்குள் சேர்த்திருந்தது. ஆடுபவர் வைக்கும் பணயம் வேறு, ஆடாதவர் கட்டும் பந்தயம் வேறு என்னும் நுண்ணிய பாகுபாடு அதில் அடங்கியிருந்தது.

8. ஊர்வழக்கும் ஆவண வழக்கும்

இப்பாகுபாட்டைத் தமிழிலும் கன்னடத்திலும் கூறப் புகுந்தால் சொற்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. தமிழில் 'பந்தயம்' போட்டியையும் போட்டியின் மீது வைக்கும் பணத்தையும் ஒருங்கே குறிக்கும். குதிரைப் பந்தயம் என்பது ஓட்டமா, ஓட்டத்தின் மீதான பணமா என்பதைச் சொல் தெளிவாக்குவதில்லை. லட்சுமணன் வழக்கின் மையமே இவ்விரண்டின் உறவுதான் என்பதை நினைக்கும்போது, தீர்ப்பைத் தமிழாக்குவோர் ஓட்டம், பந்தயம், பணயம் என மூன்று சொற்களைப் பிரித்து ஆளவேண்டிய தேவை விளங்கும். கன்னடத்தின் 'பந்த்ய' இன்றைய வழக்கில் பெரும்பாலும் போட்டியைச் சுட்டி, கிரிக்கெட் ஆட்டத்திற்கும் இயல்பாக வழங்கும். பணத்தைக் குறிக்க 'பாஜி', 'பண' முதலிய வேறு சொற்கள் உள்ளன. கன்னடத்தின் 'கிரிக்கெட் பந்த்ய' என்பதைத் தமிழில் 'கிரிக்கெட் பந்தயம்' என எழுதினால், ஆட்டம் பார்க்கப் போனவர் பந்தயம் கட்டப் போனவராகிவிடுவார்.

'சீட்டு' என்னும் சொல் இதனினும் சிக்கலானது. ஆடும் சீட்டு, லாட்டரிச் சீட்டு, மாதந்தோறும் பணம் கட்டும் சீட்டு ஆகிய மூன்றும் தமிழில் ஒரே பெயர் பெற்றுள்ளன. வினையும் புணர்ச்சியுமே வேறுபாட்டைக் காட்டும். சீட்டு ஆடுவது ஒன்று. சீட்டு பிடிப்பதும் சீட்டு எடுப்பதும் மற்றொன்று. வல்லினம் மிக்கு வரும் 'சீட்டுக்கட்டு' ஆட்டக்கருவி. மிகாது வரும் 'சீட்டு கட்டு' என்பது தவணைப் பணம் செலுத்துதல். பேச்சில் தேய்ந்து மறையக்கூடிய ஓர் ஒற்றெழுத்து, சூதாட்டக் கருவியையும் சேமிப்பையும் வேறுபடுத்தி நிற்கிறது. கன்னடத்தில் இம்மயக்கம் இல்லை. ஆடும் சீட்டு 'இஸ்பீட்' எனப்படும். பணச்சீட்டு 'சீட்டி' எனப்படும். தமிழர்க்கோ இஸ்பேட் என்பது சீட்டுக்கட்டின் நான்கு இனங்களுள் ஒன்று மட்டுமே.

சட்டம் இம்மூன்று சீட்டுகளையும் வெவ்வேறாக நடத்துகிறது. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் வரையறுக்கும் சீட்டில், முறை வருவதைக் குலுக்கல் வழியாகவும் தீர்மானிக்கலாம். குலுக்கல் தற்செயலே. ஆயினும் ஒவ்வொருவரும் ஒருமுறை தொகையைப் பெறுவது உறுதியாதலின் அது சூதாகாது. தற்செயல் முடிவு செய்வது காலத்தை மட்டுமே. 1978ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்ததோ பரிசுச் சிட் எனப்படும் வேறொரு முறை. வழக்கமான சீட்டை அது விலக்கியே வைத்தது. அதனைப் 'பரிசுச் சீட்டு' எனப் பெயர்க்கவும் இயலாது. ஏனெனில் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய லாட்டரிக்கு அப்பெயரே வழங்கிற்று. அரசு நடத்துவதாயினும் லாட்டரி சூதின் இயல்புடையதே என உச்சநீதிமன்றம் 1999இல் கூறியது. தமிழ்நாடு 2003இலும் கர்நாடகம் 2007இலும் லாட்டரியைத் தடைசெய்தன. தான் நடத்திய காலத்தில் அரசு அதற்குச் சூது என்னும் சொல்லை ஆளாமல் பரிசு என்னும் சொல்லைத் தேர்ந்தது கருதத்தக்கது.

9. திறமை என்னும் எல்லை தளர்தல்

கைப்பேசிவழி ஆட்டங்கள் பரவியபோது, இழப்பின் சுமையைக் காட்டி மாநிலங்கள் பழைய எல்லைக்கோட்டை மாற்ற முற்பட்டன. ஆந்திரப் பிரதேசம் 2020இல் தன் சட்டத்தைத் திருத்தியது. கர்நாடகம் 2021இல் காவல் சட்டத்தைத் திருத்தி, இணையவழி ஆட்டங்களில் பணயம் வைப்பதைச் சூதாட்டத்திற்குள் சேர்த்தது. 176ஆம் பிரிவில் பங்கேற்போர் வைக்கும் பணயத்திற்கு இருந்த விலக்கையும் நீக்கியது. 2022 பிப்ரவரி 14ஆம் நாள் கர்நாடக உயர்நீதிமன்றம் அத்திருத்தத்தின் முதன்மைப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. திறமை ஆட்டத்தையும் தற்செயல் ஆட்டத்தையும் ஒன்றாக்குவது அரசமைப்பிற்கு ஒவ்வாது என்பது அதன் கருத்து. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தைப் பெரிதும் ஏற்று, அப்பட்டியலை மட்டும் தள்ளியது. இத்தமிழ்நாட்டுச் சட்டத்தின் பெயரிலேயே சூதாட்டம், விளையாட்டு என்னும் இரு சொற்களும் தனித்தனியே நிற்கின்றன. 1930இல் குற்றப்பெயராக இருந்த 'கேமிங்', இன்று தொழிற்பெயராகத் தலைநிமிர்ந்திருப்பதன் விளைவு இது.

2025 ஆகஸ்டு 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து இணையத்தில் ஆடும் ஆட்டம், திறமையைச் சார்ந்ததாயினும் தற்செயலைச் சார்ந்ததாயினும் தடைக்குரியது என்று அது வரையறுத்தது. அச்சட்டத்தை எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டன. இணையத்திற்கு வெளியே பழைய எல்லைக்கோடு மாறவில்லை. இதனால் ஒரே ரம்மி, நேரில் ஆடும்போது திறமை ஆட்டமாகவும், கைப்பேசியில் பணத்திற்கு ஆடும்போது தடைசெய்யப்பட்ட ஆட்டமாகவும் இருவேறு சொற்பொருளைப் பெறுகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, குழுவாகச் செய்யும் அனுமதியற்ற பந்தயத்தையும் சூதாட்டத்தையும் சிறு அமைப்புசார் குற்றத்துள் சேர்த்துள்ளமையால், பெயரிடுதலின் விளைவு முன்னினும் கடுமையாகியுள்ளது.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால், சூதாட்டச் சட்டத்தின் வரலாறு ஆட்டங்களின் வரலாறாக மட்டுமன்றி ஒரு வரையறையின் வரலாறாகவும் அமைந்துள்ளமை விளங்கும். 1867இல் கலப்பற்ற திறமை எனத் தொடங்கிய அவ்வரையறை, 1957இல் கணிசமான திறமை என்றும், பின்னர் மேலோங்கிய திறமை என்றும் விரிந்தது; 2025இல் இணையத்தைப் பொறுத்தவரை பொருளற்றதாக்கப்பட்டது. சொல் ஒன்றாகவே இருக்க, அதன் எல்லை காலந்தோறும் நகர்ந்துள்ளது. எனவே சட்டநூலைப் பெயர்ப்போர், அகராதிப் பொருளோடு அமையாது, அவ்வாண்டில் அச்சொல்லிற்கு நீதிமன்றம் நிறுவிய பொருளையும் அறிந்து பெயர்க்க வேண்டும்.

தங்கவயல் போன்ற ஊர்களில் இப்பணி நூலளவில் முடிவதன்று. சீட்டு கட்டியதாகத் தமிழில் ஒருவர் கூறுவது, கன்னட ஆவணத்தில் சேமிப்பாகவும் பதியலாம். சூதாட்டக் கருவியாகவும் பதியலாம். அவருக்கும் சட்டத்திற்கும் இடையே நிற்பவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே. சூது, பந்தயம், பணயம், சீட்டு, திறமை, தற்செயல் ஆகிய சொற்களுக்குத் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் வழக்குச் சூழல்களோடு கூடிய சொற்றொகுதி ஒன்று ஆக்கப்பெறுமாயின், அது எல்லைப்புறத் தமிழர் வாழும் ஊர்களின் நீதிமன்றங்களுக்கும் காவல்நிலையங்களுக்கும் பெரிதும் துணைசெய்யும். தங்கத்தின் நிலத்தை வயல் என்றழைத்ததால் எவரும் தண்டனை பெறவில்லை. சீட்டைச் சூது என்றெழுதினால் தண்டம் உண்டு.